கேள்வி நேரத்தில் தெரியும் முகங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் நானோ விஞ்ஞானப் பேச்சுகளை அதிகம் பார்த்த ஆள் யார் என்று ஒரு போட்டி வைத்தால் என் அம்மா முதலாவதாக வருவார். இரண்டாவதாக வர ஆளே இருக்காது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, விஞ்ஞானம் அதைவிடத் தெரியாது. ஆனால் எங்கேயோ ஒரு குளிர்நாட்டில் இருக்கும் ஆய்வு நிறுவனம், தன் மண்டபத்தில் நடந்த பேச்சுகளையெல்லாம் படம்பிடித்து, யாரும் பார்க்கலாம், காசு வேண்டாம், பெயர் பதிய வேண்டாம் என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. அதில் முக்கால்வாசியை அம்மா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மடியில் பத்திரிகைத் தாளை விரித்து நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே பார்த்து முடித்தவர்.

அவர் பேசுகிறவரைப் பார்ப்பதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறார். காணாமல் போன தன் மகனை அவர்களுக்குள் தேடுகிறார்.

சொல்லிவிட்டேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அம்மா சொல்வார், அது சரிதான். ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அண்ணா எனக்கு இரண்டு வயது மூத்தவன். நாங்கள் அப்போது கொட்டாஞ்சேனையில், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சண்டையின் கடைசிக் காலம். ஒரு பின்னேரம், போனுக்குக் காசு போட்டுக்கொண்டு வருகிறேன் என்று வெளியே போனவன் திரும்பி வரவில்லை. நான் குளித்துக்கொண்டிருந்தேன், அவன் போனதே எனக்குத் தெரியாது. சந்தியில் ஒரு வாகனம் நின்று யாரையோ ஏற்றியதாக ஒருவர் சொன்னார். மறுநாள் அதே ஆள், தான் ஒன்றையும் காணவில்லை என்றார். அந்தக் காலத்துக் கொழும்பில் இருந்த தமிழ்ச் சனத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அப்பா ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே அம்மாவும் நானும்தான் ஏறி இறங்கினோம். பொலிஸ், முகாம், ஆணைக்குழு, சிறைச்சாலை வாசல், இன்னும் பெயர் மறந்துபோன கந்தோர்கள். எல்லா வாசலிலும் முதலில் அடையாள அட்டையைக் கேட்டார்கள். அம்மாவின் சிங்களம் மீன் விலை கேட்கப் போதும், இதற்குப் போதாது. "மகே புத்தா, மாத்தயா, மகே புத்தா" என்று தன் மகன் தன் மகன் என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு படத்தை நீட்டுவார். பல்கலைக்கழக அட்டையில் இருந்த படத்தைப் பெருப்பித்து, நனையாதபடி பிளாஸ்டிக் போட்டிருந்தோம். பக்க வகிடு, மெலிந்த மீசை, படம் எடுப்பவனைப் பார்த்து ஒரு முறைப்பு. நாளைக்கு வா என்பார்கள், நாளைக்குப் போனால் திங்கட்கிழமை வா என்பார்கள். செவ்வாய்க்கிழமைகளில் நவநாள் செபத்துக்குப் போய், தொலைந்ததைத் தேடித் தரும் புனிதரின் காலடியில் அம்மா நிற்பார். அந்தப் புனிதர் எங்களுக்குக் குடையைத் தேடித் தந்திருக்கிறார், வீட்டுச் சாவியைத் தேடித் தந்திருக்கிறார். இந்த விஷயத்தில் மட்டும் வாயே திறக்கவில்லை.

அண்ணா படித்தது பௌதிகவியல். அவனைப் பிடித்த பைத்தியம் நானோ. வீட்டில் யார் அகப்பட்டாலும் பிடித்துவைத்துச் சொல்லுவான். ஒருநாள் அம்மாவின் சீப்பிலிருந்து ஒரு மயிரை எடுத்துப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இந்தத் தடிப்பை ஒரு லட்சம் பங்காப் பிரிச்சா வாற ஒரு பங்கில வேலை செய்யிற ஆக்கள் இருக்கினம்" என்றான். அம்மா, "முதல்ல உன்ர தலைக்கு எண்ணெய் வை, பிறகு மற்றவையின்ர மயிரைப் பிரிக்கலாம்" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தான், அதுவும் அரை மணித்தியாலம்தான்.

கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு அம்மா அசையமாட்டேன் என்று நின்றார். வந்தால் அவன் அங்கேதானே வருவான். கடைசியில் வீட்டுக்காரர் மாடிவீடு கட்டுவதற்காகக் காணியை விற்றபோது எங்களைக் கேட்டா விற்றார்? வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் இந்தச் சின்ன வீட்டுக்கு வந்தோம். சந்திக் கடை முதலாளியிடம் அம்மா எங்கள் புதிய விலாசத்தைச் சொல்லி, யாராவது வந்து கேட்டால் சொல்லும்படி கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு வந்தார். அந்த மனுசனும் நல்லவர், கடை இருக்கும்வரை சொல்லுவேன் என்றார். இப்போது அந்தக் கடையும் இல்லை.

இந்தப் பேச்சுகளைக் கண்டுபிடித்தது நான்தான். அண்ணாவின் பிறந்தநாள் ஒன்று ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காலையில் பூசைக்குப் போய் அவன் பெயருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு வந்தோம். இறந்தவர்களுக்கான கருத்தா, உயிரோடிருப்பவர்களுக்கான கருத்தா என்று கோயில் கந்தோரில் கேட்பார்கள். ஒவ்வொரு வருடமும் அம்மா "உயிரோட" என்று சொல்லுவார், நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அன்றைக்குப் பின்னேரம் மனம் ஒரு நிலையில் இல்லை. ரீவியில் சும்மா அவனுடைய அந்தச் சொல்லைத் தட்டிப் பார்த்தேன். அந்த நிறுவனத்தின் பக்கம் வந்தது. ஒன்றை அழுத்தினேன். ஒரு பெண் மேடையில் நின்று தங்கத்தைப் பற்றிக் கதைத்தாள். தங்கத்தை அந்த அளவுக்குச் சின்னதாக்கினால் அது மஞ்சளாக இருக்காதாம், சிவப்பாக இருக்குமாம். கண்ணாடிக் குழாயில் மாதுளஞ்சாறு மாதிரி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். அவன் இருந்திருந்தால் எழும்பி ஆடியிருப்பான் என்று நினைத்தேன்.

பேச்சு முடிந்தது. மண்டபத்தில் விளக்குகளைப் போட்டார்கள். யாராவது கேள்வி கேட்கிறீர்களா என்று கேட்டதும் கமரா மெல்லச் சபையின் பக்கம் திரும்பியது. தேத்தண்ணியோடு வந்த அம்மா அப்படியே நின்றார்.

"உவையள் ஆர்?"

"கேக்க வந்த ஆக்கள் அம்மா."

"ஆரும் போகலாமோ?"

"ஓம். விருப்பமான ஆக்கள் போய் இருக்கலாம். இஞ்ச இருந்தும் பாக்கலாம், காசில்லை."

அம்மா கோப்பையை வைத்துவிட்டு ரீவிக்கு மிக அருகில் போனார். வரிசை வரிசையாகத் தலைகள். கமரா திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அவனும் போவான்," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது றிமோட்டைக் கீழே வைத்தேன். அவர் யோசித்த விதத்தில் பிழை சொல்ல ஏலாது. அவன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான். எப்படியோ தப்பி ஒரு நாட்டுக்குப் போயிருக்கிறான். போன இடத்தில் அவன் எதைத் தேடிப் போவான்? இதைத்தான். இங்கே அடையாள அட்டை கேட்கிறவன் இல்லை, திங்கட்கிழமை வா என்கிறவன் இல்லை. எத்தனை தரம் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இத்தனை வருடத்தில் அம்மாவுக்குத் திறந்த முதல் கதவு அதுதான். நான் அதை எந்த வாயால் மூடுவேன்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும். றிமோட்டில் எதை எதை அழுத்த வேண்டும் என்று ஒரு கிழமையில் பழகிக்கொண்டார். நேரே கேள்வி நேரத்துக்கு ஓட்டிப் பார்க்கலாம் அம்மா என்றால் கேட்கமாட்டார். "இடையில ஒருக்காத் திருப்பினா?" என்பார். ஆகவே ஒரு மணித்தியாலம் முழுவதும், படங்களும் கோடுகளும் எண்களும் ஓட ஓட, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பார். கமராக்காரனோடு அவருக்குத் தீராத சண்டை. "மூதேவி, அந்தக் கோட்டையே காட்டிக்கொண்டு நிக்கிறான். சனத்தைக் காட்டனடா!" என்று திட்டுவார். முன்வரிசையில் பின்னல் ஊசியோடு ஏதோ பின்னிக்கொண்டிருக்கும் கிழவியையும், தொடங்கின உடனேயே நித்திரையாகும் தாடிக்காரரையும் அவருக்கு நன்றாகத் தெரியும். "இண்டைக்குக் கிழவி வரேல்லை, சுகமில்லைப் போல" என்று எனக்குச் சொல்லுவார். நான் கொள்ளுப்பிட்டியில் கப்பல் சரக்குக் கந்தோர் ஒன்றில் வேலை செய்து, கூட்ட பஸ்ஸில் நசிந்து வீட்டுக்கு வந்தால் கிடைக்கும் முதல் செய்தி இதுவாக இருக்கும். நீ சாப்பிட்டியா என்பது பிறகுதான், சில நாட்களில் அதுவும் இல்லை.

கூட்டத்துக்குள் ஆளைத் தேடும் அந்த வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. பஸ்ஸில் முன்னால் நிற்கிறவர்களின் பிடரியைப் பார்ப்பேன். ஒருநாள் வெள்ளவத்தைச் சந்தையடியில் ஒரு பெடியன் மரக்கறிப் பையோடு போனான். நடை, தோள், பிடரியில் மயிர் சுழிக்கும் விதம், எல்லாம் அவன். நான் என்னை மறந்து பின்னால் போனேன். காலி வீதியைக் கடந்து, ஒழுங்கையால் இறங்கி, தண்டவாளத்தடிவரை போய்விட்டேன். றெயில் வருகிறது என்று அவன் நின்று திரும்பியபோது ஒரு வேற்று முகம் என்னைப் பார்த்தது. "மொகத அக்கே?" என்று சிங்களத்தில் என்னவென்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்க வந்தவள் மாதிரி நின்றேன். கோழியிறைச்சி வாங்கப் போனவள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன், அம்மாவிடம் சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணம் பேசி வந்தவர்களும் இருந்தார்கள். "அண்ணா வரட்டும். தமையன் இல்லாம மோதிரம் மாத்தவோ?" என்று அம்மா எல்லாரையும் திருப்பி அனுப்பினார். முதலில் நானும் சரியென்றேன். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு யாரும் வரவில்லை. எரிச்சல் பற்றிக்கொண்டு வரும் நாட்களில் சுவரில் இருக்கும் அவன் படத்தைப் பார்த்து, "வந்து துலையனடா, நான் கொஞ்சம் சீவிக்க" என்று மனதுக்குள் சொல்லியிருக்கிறேன். சொன்ன கையோடு சிலுவை போட்டுக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை மத்தியானம் கந்தோருக்கு அம்மாவின் கோல் வந்தது.

"உடன வா. அண்ணாவைக் கண்டிட்டன்."

"என்னம்மா கதைக்கிறீங்கள்?"

"கண்டிட்டனெண்டு சொல்லுறன். நிப்பாட்டி வைச்சிருக்கிறன். கெதியா வா, கரண்ட் போனா அவன் போயிடுவான்."

த்ரீவீலர் பிடித்து வந்தேன். வழி முழுவதும் என்னோடு நானே சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன். விசர் வேலை, வயதுபோன மனுசிக்கு இதைக் காட்டினது என் பிழை, இன்றோடு இதை நிறுத்த வேண்டும். கதவு திறந்தே கிடந்தது. அம்மா ரீவியை மறித்துக்கொண்டு நின்றார். நெத்தலி நிலமெல்லாம் கொட்டிக் கிடந்தது, பக்கத்துவீட்டுப் பூனை அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"மூண்டாவது வரிசை. அந்தப் பச்சைச் சட்டைக்குப் பக்கத்தில."

பார்த்தேன். பக்கவாட்டில் பாதி முகம். பக்க வகிடு. மெலிந்த மீசை. இடது கைப் பெருவிரலால் புருவத்தைத் தேய்த்துக்கொண்டு மேடையை முறைத்துப் பார்த்தபடி இருந்தான். கணக்குச் சரிவராத நேரங்களில் அண்ணா மேசையில் இருந்தால் அப்படித்தான் இருப்பான்.

என் கையிலிருந்த பை விழுந்துவிட்டது. எவ்வளவு நக்கல் பேசுகிறவள் நான்! அந்த நேரத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அது அவன்தான். "என்ர மாதாவே" என்றுதான் வாயில் வந்தது. அம்மா என்னைக் கட்டிப்பிடித்தார். நாங்கள் இரண்டு பேரும் ரீவிக்கு முன்னால் நின்று குழந்தைப் பிள்ளைகள் மாதிரி அழுதோம். ஓடவிட்டபோது அவன் கையைத் தூக்கி ஏதோ கேட்டான். ஒலிவாங்கி அவனிடம் வந்து சேருவதற்குள் பாதிக் கேள்வி போய்விட்டது. மீதியில் குரல் தூரத்தில் இருந்து வந்தது. திருப்பித் திருப்பிப் போட்டும் அவன் குரல்தானா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவன் குரல் எப்படி இருந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வீடு வீடாக இல்லை. அம்மா திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தார். அவனுக்கு விருப்பமான கத்தரிக்காய்ப் பால்கறி நாள் விட்டு நாள் காய்ச்சினார். எனக்கோ முதல்நாள் சந்தோஷம் அடுத்த நாளே கரியாகிவிட்டது. உயிரோடு இருந்துகொண்டு ஒரு கோல் எடுக்கவில்லையே? மண்டபத்தில் போய் இருந்து கேள்வி கேட்க வாய் இருக்கிறது, அம்மா என்று ஒரு சொல் சொல்ல வாய் இல்லையா? நாங்கள் வாசல் வாசலாகப் பிச்சைக்காரர் மாதிரி நிற்க, இவன் அங்கே சட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். செத்தவனாக நினைத்துப் பயந்த காலத்தில் அவன்மேல் எனக்கு இவ்வளவு வெறுப்பு வந்ததில்லை. இதை அம்மாவிடம் கத்தியும்விட்டேன்.

"அவனுக்கு என்ன கஷ்டமோ, என்ன பயமோ. உனக்கென்ன தெரியும்?" என்றார் அம்மா.

"என்ர கஷ்டம் உங்களுக்குத் தெரியுமோ?"

"உனக்கென்ன, நீ இஞ்ச இருக்கிறாய்."

நான் போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனேன்.

அந்த நிறுவனத்தின் பக்கத்தில், பேச்சுகளைப் பற்றி ஏதாவது கேட்க விரும்பினால் எழுதுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதினேன். எந்தப் பேச்சு, எந்த வரிசை, பச்சைச் சட்டைக்கு எந்தப் பக்கம், யார் தேடுகிறார், ஏன் தேடுகிறார், என் போன் இலக்கம். பதில் வராது என்று நினைத்தேன், நாங்கள் பதில் வராத ஆட்கள். இரண்டு நாளில் வந்தது. சபையில் இருந்தவர்களின் விபரத்தைத் தர முடியாது, ஆனால் அவரை எங்களுக்குத் தெரியும், உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்திருக்கிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அடுத்த நாள் அவனே ஒரு குறுஞ்செய்தி போட்டான். சனிக்கிழமை வீடியோவில் கூப்பிடுகிறேன், அம்மாவோடு நானே பேசுகிறேன் என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே இருந்த பெயரைப் பார்த்தேன். அண்ணாவின் பெயர் இல்லை.

"பேரை மாத்தியிருப்பான்," என்றார் அம்மா.

சனிக்கிழமை அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அழைப்பு வந்தது, போனை ரீவியோடு இணைத்தேன். ரீவித் திரை முழுவதும் அந்த முகம் நேருக்கு நேராக வந்தது. பக்க வகிடு இருந்தது, மீசை இருந்தது. அண்ணா இல்லை. நேரே பார்த்தால் ஒரு சாயலும் இல்லை.

"வணக்கம்மா. நல்லாருக்கீங்களா?" என்றான். இந்தியத் தமிழ், திருநெல்வேலிப் பக்கமாம். அங்கே படிக்கப் போயிருக்கிறானாம். "உங்க லெட்டரப் படிச்சேன்மா. நான் உங்க மகன் இல்லன்னு எழுதிப் போட மனசு வரல. அதான் நேர்ல சொல்லலாம்னு."

நான் அம்மாவின் தோளைப் பிடித்தேன். தட்டிவிட்டார். அவர் உடைந்துபோவார் என்று எதிர்பார்த்தேன், அவரோ அவனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயசென்ன தம்பி?"

"இருபத்தாறும்மா."

"என்ர மகனுக்கு இருபத்திமூண்டு," என்றார் அம்மா.

"எப்பம்மா காணாமப் போனாங்க?"

"சண்டை முடியிறதுக்கு முந்தின வருசம், தம்பி."

"அப்பவா? அப்ப நான் நாலாங்கிளாஸ் படிச்சிட்டு..."

சொல்ல வந்தவன் நிறுத்திவிட்டான். அவனுக்கு விளங்கியது. அந்த நொடியில் எனக்கும் விளங்கியது. அண்ணாவுக்கு இருபத்துமூன்று இல்லை. அவன் இருந்தால் நாற்பது. மூன்றாவது வரிசையில் இருந்த பிள்ளை அண்ணாவாக இருக்கவே முடியாது. கந்தோரில் சரக்குக் கப்பல்களின் திகதிகளைக் கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்கும் எனக்கு, அழுத அன்றைக்கும் அது தெரியவில்லை, வெறுத்த அன்றைக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரே படத்தை நீட்டி நீட்டி, அந்தப் படத்தோடு அவனை நாங்கள் நிறுத்தி வைத்துவிட்டோம். தண்டவாளத்தடிவரை நான் துரத்திக்கொண்டு போனதும் ஒரு பெடியனைத்தான்.

அம்மாவுக்குக் கடைசியாகத்தான் விளங்கியது. அவருடைய உதடு அசைந்தது, விரல்கள் மடிந்து மடிந்து நிமிர்ந்தன. பிறகு கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"நாலாம் வகுப்போ," என்றார்.

"ஆமாம்மா."

"சாப்பிட்டியா தம்பி?"

"இங்க இப்பதான்மா காலைல. இனிமேத்தான்."

"சாப்பிடு. வெறும் வயித்தோட படிக்கப் போகாதை. அம்மா இருக்கிறாவோ?"

"இருக்காங்கம்மா."

"ஒவ்வொரு நாளும் கோல் எடு."

அவன் கண்ணைத் துடைத்தான். இங்கே எல்லாரிடமும் விசாரித்துப் பார்க்கிறேன் என்றான். வேண்டாம், நீ உன்ர படிப்பைப் பார் என்றார் அம்மா. நான் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை நன்றி சொல்லி அழைப்பை முடித்தேன்.

அம்மா அழவில்லை. நல்ல பிள்ளை, நல்ல வளர்ப்பு என்றார். குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வைத்தார். இனி இது முடிந்தது என்று நினைத்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அவன் எங்களை மறந்துவிட்டு எங்கேயோ சுகமாக இருக்கவில்லை. இனி வீட்டில் இரண்டு பேர்தான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருக்கப் பழகலாம்.

"இஞ்ச வா," என்றார்.

பல்கனிக் கதவைத் திறந்துவிட்டிருந்தார். வெளிச்சம் உள்ளே விழுந்தது. என் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"உனக்கு எப்ப இவ்வளவு நரை வந்தது?"

"எப்பவோ வந்திட்டுது. நீங்கள்தான் காணேல்லை."

"கண்ணாடியும் போடுறாய்."

"எத்தினை வருசமாப் போடுறன், அம்மா."

"ஓம், அவனுக்கும் கண் பழுதாத்தான் இருக்கும். படிக்கிறவன்," என்றார்.

பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவர் என்ன செய்கிறார் என்று. என் நெற்றியில் மயிர் பின்வாங்கிய இடத்தைத் தடவினார். கண்ணுக்குக் கீழே தொங்கும் தோலைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தார். வாயோரக் கோட்டில் விரலை வைத்து மேலும் கீழும் கொண்டுபோனார். "சின்னனில நீங்கள் ரெண்டு பேரும் ஒரு அச்சு. குளிப்பாட்டித் துவாயால சுத்திவிட்டா ஆர் எவரெண்டு அப்பாவே மாறிப்போவார்," என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எத்தனை வருடத்துக்குப் பிறகு அம்மா என் முகத்தைத் தொடுகிறார். தொட்டது என்னைத்தான், பார்த்தது என்னை இல்லை. அது தெரிந்தும் முகத்தை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தொடட்டும் என்றுதான் இருந்தது.

"சிரி," என்றார்.

"என்னம்மா?"

"சிரிக்கச் சொல்லுறன். அவன் இப்ப சிரிச்சா எப்பிடியெண்டு பாக்க வேணும்."

சிரித்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, சரி என்றார். தன் கதிரைக்குப் பக்கத்தில், ரீவியை ஒட்டி, எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். றிமோட்டை என் கையில் தந்தார்.

"முதலாவதில இருந்து போடு."

"எல்லாத்தையுமோ அம்மா?"

"எல்லாத்தையும்தான். இவ்வளவு காலமும் நான் பெடியங்களை எல்லோ பாத்துக்கொண்டிருந்தனான்."

போட்டேன். ஒரு மண்டபம், ஒரு மேடை, யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். அம்மா திரையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பவும் திரையைப் பார்த்தார். நான் கண்ணைத் துடைக்கப் பல்கனிப் பக்கம் திரும்பினேன்.

"அங்கால திரும்பாதை பிள்ளை," என்றார். "முகத்தை இஞ்சால வைச்சுக்கொண்டிரு."